பழசுக்குக் காசு கொடுக்காதீங்க

கருப்பா, தட்டு மாதிரி வட்டமா, காகிதத்துல சுத்தின ஒரு சீன டீயை உங்க ஃபீடுல நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் சின்னக் கத்தியால அதைப் பெயர்த்து, மூடி போட்ட குட்டிக் கிண்ணத்துல ஊத்தி ஊத்திக் குடிப்பார். கீழே "20 வருஷம் பழசு", "500 வருஷ மரத்து இலை", "கொழுப்பைக் கரைக்கும்"னு மூணு வரி. அதுக்கும் கீழே ஒரு லிங்க்.

அந்த டீயோட பேர் பூ-எர். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இதை வாங்கலாம், நல்ல டீதான். நாலு பேர் சேர்ந்து வாங்கினா நம்ம பட்ஜெட்டுக்கும் அடங்கும். ஆனா அதோட வயசுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. ஏன்னு சொல்றேன். செங்கத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு இதைப் புரிஞ்சுக்கறது கஷ்டமே இல்ல. ஒரு பொருள் பழசா புதுசான்னு கண்டுபிடிக்கிற வித்தை நம்ம வீட்டுச் சமையலறையிலேயே இருக்கு.

முதல்ல, இது என்ன டீ?

பஸ் ஸ்டாண்டு கடையில நாம குடிக்கிறது டஸ்ட் டீ. இலையைப் பல் வெச்ச உருளைகளுக்கு நடுவுல விட்டு நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற சி.டி.சி. முறையில வர்றது. பால், சர்க்கரை, கொதி எல்லாத்தையும் தாங்கி நிற்கிற மாதிரி செஞ்ச டீ. அதுல நடக்கிற மாற்றத்தை டீ ஃபேக்டரிகள்ல "ஃபெர்மென்டேஷன்"னு சொல்லுவாங்க. கெமிஸ்ட்ரிப்படி அது ஃபெர்மென்டேஷன் கிடையாது. இலைக்குள்ள இருக்கிற என்சைம் காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்ந்து செய்யற வேலை. வெட்டி வெச்ச வாழைக்காய் கருக்கிற அதே கதைதான்.

பூ-எர்ல நடக்கிறதுதான் நிஜமான நொதித்தல். இட்லி மாவு பொங்கற மாதிரி, இதுலயும் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்யுது. இது சீனாவோட தென்மேற்கு மூலையில, பர்மா எல்லையை ஒட்டின யுன்னான் மாகாணத்துல செய்யற டீ. அங்கே இருக்கிறது பெரிய இலை வகைச் செடி. நம்ம அஸ்ஸாம் டீச் செடியும் அதே வகைதான். இலையைப் பறிச்சு, வாட விட்டு, வாணலியில வதக்கி, கையால உருட்டி, வெயில்ல காய வைப்பாங்க. அப்புறம் ஆவி காட்டி, துணியில கட்டி, கல் வெச்சு அழுத்தினா கேக் ரெடி.

இதுல ரெண்டு வகை இருக்கு. ஷெங் என்பது பச்சை வகை. அழுத்தி அப்படியே வெச்சிடுவாங்க, வருஷக்கணக்குல அது தானா மெதுவா மாறும். புதுசுல கசப்பும் துவர்ப்பும் தூக்கலா இருக்கும். ஷோ என்பது பழுக்க வெச்ச வகை. காய்ஞ்ச இலையைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவிச்சு, தண்ணி தெளிச்சு, மேலே துணி போட்டு மூடிடுவாங்க. உள்ளே சூடு 50, 60 டிகிரி வரைக்கும் ஏறும். அப்பப்போ கிளறி விடணும். ஒன்றரை, ரெண்டு மாசத்துல இலை கருத்து, டிகாக்‌ஷன் காபி கலர்ல இறங்கும், கசப்பு போயிடும். நம்ம எருக்குழியில நடக்கிற தெர்மோடைனமிக்ஸும் இதுதான். இந்த முறை ஒண்ணும் ஆயிரம் வருஷப் பழசு இல்ல. 1973-ல குன்மிங் டீ ஃபேக்டரியில உருவானது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. "எங்க ஷோ டீ 1950-ல செஞ்சது"ன்னு யாராவது சொன்னா, அந்த இடத்துலேயே பேச்சை முடிச்சுக்கலாம்.

நமக்கு இது புதுசு இல்ல

"சைனாக்காரன் பழக்கம் நமக்கு எதுக்கு?"ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. அமுக்கி வெச்ச டீ இந்தியாவுலேயே இருக்கு. அஸ்ஸாம், அருணாச்சலப் பிரதேசத்துல வாழற சிங்ஃபோ மக்கள் டீ இலையை வதக்கி, காய வெச்சு, பச்சை மூங்கில் குழாய்க்குள்ள குத்தி அடைச்சு, அடுப்புக்கு மேலே புகையில தொங்க விடறாங்க. அது இறுகிக் கட்டியான பிறகு துண்டு துண்டா வெட்டிக் கொதிக்க வைப்பாங்க. அதுக்கு அவங்க வெச்ச பேர் ஃபாலாப். வெள்ளைக்காரன் அஸ்ஸாம்ல "டீயைக் கண்டுபிடிச்சான்"னு நாம படிச்சது, அந்த மக்கள் ஏற்கனவே குடிச்சிட்டிருந்த செடியைத்தான்.

இன்னொண்ணு. இருபதாம் நூற்றாண்டோட முதல் பாதியில, யுன்னான்ல அமுக்கின டீ பர்மா வழியா ரங்கூன் வந்து, கப்பல்ல கல்கத்தா வந்து, ரயில்ல வடக்கே போய், காலிம்போங்ல இருந்து கோவேறு கழுதை மேல திபெத்துக்கு ஏறியிருக்கு. சீனாவுக்கு உள்ளேயே மலை தாண்டிப் போறதைவிட இந்தியாவைச் சுத்திப் போறது அவங்களுக்கு லேசா இருந்திருக்கு. டீயை அமுக்கினதுக்குக் காரணமும் இதுதான். உதிரி இலை இடத்தை அடைக்கும், வழியில நொறுங்கும். கட்டியா இருந்தா மூட்டை கட்டலாம். ஒரு கேக் 357 கிராம் இருக்கிறதும் அந்தக் கணக்குதான். ஏழு கேக் ஒரு கட்டு, கிட்டத்தட்ட 2.5 கிலோ. பன்னிரண்டு கட்டு ஒரு கூடை, 30 கிலோ. ரெண்டு கூடைன்னா ஒரு விலங்கோட சுமை. லாஜிஸ்டிக்ஸ் பாடத்துல வர்ற பேக்கேஜிங் கேள்விக்கு நல்ல உதாரணம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஜவ்வாது மலையில இருந்து இறங்குற புளியை உங்க வீட்டுல என்ன செய்யறாங்க? கொட்டை எடுத்து, உப்பு போட்டு, வெயில்ல வெச்சு, ஜாடியில அமுக்கி அமுக்கி அடைக்கிறாங்க. ஒரு வருஷம் போனா அது கருக்கும். புதுப்புளியோட வெடுக்குன்னு இருக்கிற புளிப்பு இறங்கி, குழம்புக்கு வேற ஒரு நிதானம் வரும். வத்தக்குழம்புக்குப் பழைய புளிதான் வேணும்னு ஆயா அடம் பிடிக்கிறது இதுக்காகத்தான். அரிசியும் அப்படித்தான். புது அரிசி குழையும், பழைய அரிசி பொலபொலன்னு வரும். அதனால பழைய அரிசிக்கு விலை கூட.

அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நம்ம அம்மா என்ன செய்வாங்க? மூட்டையில என்ன எழுதியிருக்குன்னா பார்க்கிறாங்க? நாலு அரிசியை எடுத்துக் கையில தேய்ச்சு, மோந்து பார்த்து, ஒண்ணைப் பல்லுல கடிச்சுப் பார்ப்பாங்க. கடைக்காரர் சொல்ற வயசு அவங்களுக்கு வெறும் பேச்சு. பல்லு சொல்றதுதான் கணக்கு. பூ-எர் வாங்கறதுக்கும் இதைவிடப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம்.

வயசு என்கிற வியாபாரம்

பூ-எர் விக்கிறவங்க சொல்ற கதைகள்ல மூணை மட்டும் தெரிஞ்சுக்கோங்க, போதும்.

முதல் கதை, நம்பர். கேக் மேல 7542, 7572 மாதிரி நாலு இலக்கம் இருக்கும். "75 பார்த்தீங்களா? 1975-ல செஞ்சது"ன்னு அள்ளி விடுவாங்க. முதல் ரெண்டு இலக்கம் அந்த ரெசிப்பி உருவான வருஷம். மூணாவது இலக்கம் இலையோட தரம். நாலாவது ஃபேக்டரி, 2-ன்னா மெங்ஹாய். போன வருஷம் அமுக்கின கேக்லயும் 7542-ன்னுதான் இருக்கும். நம்ம ஐ.ஆர். 8 அரிசி மாதிரி, அது ரகத்தோட பேர். அந்த மூட்டையோட பிறந்தநாள் இல்ல.

ரெண்டாவது கதை, பழைய மரம். யுன்னான் மலையில நிஜமாவே வயசான டீ மரங்கள் இருக்கு, மறுக்கல. ஆனா அது எத்தனை இருக்க முடியும்? லாவ் பான்ஷாங்னு ஒரு கிராமத்து இலைக்குச் சீனாவுலேயே தாறுமாறான விலை. அதனாலயே அந்தப் பேர் போட்ட போலி அங்கேயே குவிஞ்சு கிடக்கு. அந்த ஊரைச் சுத்தி இருக்கிறவங்களுக்கே அசல் கிடைக்கிறது கஷ்டம்னா, நம்ம ஊர் பின்கோடுக்கு ஃப்ரீ டெலிவரியில அது வந்து சேருமா? யோசிங்க.

மூணாவது கதை, "இது முதலீடு, வருஷம் ஆக ஆக விலை ஏறும்." இந்தக் கதை ஏற்கனவே ஒரு தடவை வெடிச்சிருக்கு. 2000-க்குப் பிறகு சீனாவுல பூ-எர் விலை ஏறிக்கிட்டே போச்சு. குடிக்கத் தெரியாதவங்களும் மூட்டை மூட்டையா வாங்கி அடுக்கினாங்க. சிமாவோன்னு இருந்த நகரத்தோட பேரையே 2007-ல பூ-எர்னு மாத்தினாங்க. அதே 2007-ல விலை சரிஞ்சு விழுந்தது. கடன் வாங்கி வாங்கினவங்க, நம்பி இலை பறிச்சவங்கன்னு எல்லாரும் மாட்டினாங்க. ஈமு கோழி கதை கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதுக்கு மேல விளக்கணுமா?

பழசு நல்லா இருக்காதுன்னு நான் சொல்லவே இல்ல. நல்ல இடத்துல வெச்சிருந்த பழைய ஷெங் அருமையா இருக்கும்னு குடிச்சவங்க சொல்றாங்க, நம்பறேன். பிரச்சினை என்னன்னா, அந்த வயசைச் சோதிக்க நம்ம கையில எந்தக் கருவியும் கிடையாது. அது எங்கே இருந்தது, ஈரத்துல இருந்ததா, பூஞ்சை பிடிச்சுத் துடைச்சாங்களா, எதுவும் தெரியாது. அளக்க முடியாத ஒண்ணுக்கு விலை கொடுக்கிறது இன்ஜினியர் செய்யற வேலை இல்ல.

அப்போ எதை வாங்கணும்?

பழுக்க வெச்ச ஷோவுல ஆரம்பிங்க. அதோட குணம் காத்திருந்து வர்றது இல்ல, குவிச்சு வெச்ச அந்த ரெண்டு மாச வேலையிலேயே வந்துடுது. அதனால ரெண்டு, மூணு வருஷத்துக் கேக்கே போதும். முழு கேக் வேண்டாம். கிண்ணம் மாதிரி அமுக்கின 100 கிராம் துவோ வரும், இல்ல 5 கிராம் குட்டி உருண்டையா வரும். முதல்ல அதுல ஒண்ணை வாங்கி ருசி பாருங்க. பிடிச்சா கேக்குக்குப் போங்க.

பேக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. இறக்குமதி செஞ்ச உணவுப் பொருள்ல இறக்குமதியாளர் பேரும் முகவரியும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் கட்டாயம் இருக்கணும். அது இல்லாம வெறும் சீன எழுத்தும் டிராகன் படமும் மட்டும் இருந்தா, தொடாதீங்க.

வந்ததும் மோந்து பாருங்க. மழை பெய்ஞ்ச மண் வாசனை, காய்ஞ்ச மர வாசனை வரலாம், தப்பில்ல. புதுசா செஞ்ச ஷோவுல லேசா மீன் வாடைகூட இருக்கும். பேப்பரைத் திறந்து சில வாரம் வெச்சா போயிடும். ஆனா பூட்டின வீட்டுப் பூஞ்சை நெடி அடிச்சாலோ, மேல பச்சையாவோ மஞ்சளாவோ பஞ்சு மாதிரி படர்ந்திருந்தாலோ, கழுவிக் குடிக்கலாம்னு நினைக்காதீங்க. குப்பையில போடுங்க.

கணக்கைப் பார்ப்போம். 357 கிராம் கேக் 2,500 ரூபாய்னு வெச்சுக்கோங்க. கிராமுக்கு 7 ரூபாய். ஒரு தடவைக்கு 6 கிராம் போட்டா 42 ரூபாய். அந்த இலையில எட்டுத் தடவை ஊத்தலாம், அதாவது 100 மில்லி வீதம் எட்டு கிளாஸ். ஒரு கிளாஸ் ஐந்தேகால் ரூபாய். பாலும் சர்க்கரையும் கிடையாது. பஸ் ஸ்டாண்டு டீயைவிடக் குறைவு. ஒரு கேக்ல இப்படி ஐம்பத்தஞ்சு தடவையாவது போடலாம். நாலு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 625 ரூபாய், ஒரு செமஸ்டரே ஓடும்.

போடுறது எப்படி?

உடைக்கிறதுல இருந்து ஆரம்பிக்கணும். மேலே இருந்து குத்தாதீங்க, இலை தூளாகி டீ கசக்கும், கையிலயும் குத்தும். கேக்கோட ஓரத்துல, அடுக்குகளுக்கு நடுவுல முனையை நுழைச்சு, மெதுவா நெம்புங்க. ஸ்லேட் கல்லைப் பிரிக்கிற மாதிரி தகடு தகடா வரும். அழுத்துற திசை எப்பவும் உங்க கைக்கு எதிர்ப்பக்கமா இருக்கட்டும்.

தண்ணி நல்லாக் கொதிக்கணும். போர் தண்ணி வேண்டாம். நம்ம பக்கத்துக் கடினத் தண்ணியில டீ மங்கிப் போய், மேல ஆடை மாதிரி ஒரு படலம் நிக்கும். குடிக்கிற கேன் தண்ணியே போதும்.

6 கிராம் இலையைச் சின்ன மூடி போட்ட பாத்திரத்துல போட்டு, 100 மில்லி கொதிநீர் ஊத்தி, பத்து விநாடியில வடிச்சுக் கீழே கொட்டிடுங்க. அரிசி களையற மாதிரிதான் இது. தூசி போகும், கட்டி இளகும். ரெண்டாவது தண்ணியில இருந்து குடிக்கலாம். பத்து விநாடி, அடுத்தது பத்து, அப்புறம் பதினஞ்சு, இருபது, முப்பதுன்னு ஏத்திக்கிட்டே போங்க. டீ தண்ணி மாதிரி ஆகிற வரைக்கும் இலையைத் தூக்கிப் போடாதீங்க. ஒவ்வொரு தண்ணிக்கும் ருசி கொஞ்சம் மாறும். அதைக் கவனிக்கிறதுதான் இந்த டீயோட சுகமே.

சீனக் கிண்ணம் எல்லாம் வாங்க வேண்டியதில்ல. மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரும் டீ வடிகட்டியும் போதும். ஹாஸ்டல்ல கெட்டிலுக்கு அனுமதி இல்லைன்னா, மெஸ்ஸுல அரை லிட்டர் ஃபிளாஸ்க்குல கொதிநீர் வாங்கி, 3 கிராம் ஷோவைப் போட்டு மூடிடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்தாலும் ஷோ கசக்காது. ஷெங்கை மட்டும் இப்படிச் செய்யாதீங்க, வேப்பங்கொழுந்து சாறு மாதிரி ஆயிடும்.

மிச்சத்தைக் காகிதத்துல சுத்தி, வெயில் படாத இடத்துல, மசாலா, சோப்பு, ஊதுபத்தி பக்கத்துல இல்லாம வைங்க. டீ எல்லா வாசனையையும் இழுத்துக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம்.

உடம்பு இளைக்குமா?

இளைக்காது. பால், சர்க்கரை போட்ட டீயை விட்டுட்டு இதைக் குடிச்சா சர்க்கரை குறையும், அவ்வளவுதான் லாபம். "ஸ்லிம்மிங் டீ"ன்னு ரெண்டு மடங்கு விலை வெச்சு விக்கிறது நம்ம வயசுப் பொண்ணுங்களையும் பசங்களையும் குறி வெச்சுத்தான். அது டீ விக்கிறது இல்ல, உங்க கண்ணாடியை உங்களுக்கே விக்கிறது.

ரெண்டு எச்சரிக்கை மட்டும் சொல்றேன். இதுல காஃபின் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு எட்டுத் தண்ணி குடிச்சிட்டுத் தூக்கம் வரலைன்னு சொல்லாதீங்க. அடுத்தது, எந்த டீயா இருந்தாலும் சாப்பாட்டோட சேர்த்துக் குடிச்சா, உணவுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கிறது குறையும். ரத்தசோகை இருக்கிறவங்க சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

மலை மேல இருக்கிறவங்களுக்கு என்ன?

கடைசியா, எனக்கு முக்கியமா படற விஷயம். "நீலகிரி டீயை விட்டுட்டுச் சீன டீயைத் தூக்கிப் பிடிக்கிறியா?"ன்னு யாராவது கேட்டா, அது நியாயமான கேள்வி. நீலகிரிச் சிறு விவசாயிங்க பச்சை இலைக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டு வருஷக்கணக்கா போராடிக்கிட்டு இருக்காங்க. ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை வேணும். அந்த இலை எந்த ஊர், யார் தோட்டம்னு நம்ம டம்ளர்ல எந்த அடையாளமும் இருக்காது. எல்லாம் ஒண்ணா கலந்து தூளாகிடுது.

யுன்னான்காரங்க செஞ்ச புத்திசாலித்தனம் இங்கேதான் இருக்கு. போலி, சூதாட்டம் எல்லாத்தையும் கழிச்சுட்டுப் பார்த்தா மிஞ்சுறது இதுதான்: 2008-ல வந்த சீனத் தரநிலைப்படி, யுன்னான்ல விளைஞ்ச பெரிய இலையை அங்கேயே பதப்படுத்தினா மட்டும்தான் அதுக்குப் பூ-எர்னு பேர். எந்த வகை, எந்த ஃபேக்டரி, எந்தத் தேதியில அமுக்கினதுன்னு காகிதத்துல இருக்கும். வாங்கறவன் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கப் பழகிட்டான்.

ஜவ்வாது மலையில மலையாளிப் பழங்குடி மக்கள் உலுக்கிப் பொறுக்கிக் கொண்டு வர்ற புளிக்கு என்ன அடையாளம் இருக்கு? சாமைக்கு? தேனுக்கு? கீழே இறங்கினதும் அது வெறும் "புளி", வெறும் "தேன்". பழைய புளிக்கு இருக்கிற மதிப்பு வெச்சு விக்கிறவங்களுக்குத்தான் போய்ச் சேருது, பறிச்சவங்களுக்கு இல்ல. சந்தையில புளி வாங்கும்போது எந்த ஊர்ப் புளி, எந்த வருஷத்துதுன்னு கேளுங்க. பதில் தெரிஞ்சவங்ககிட்ட, ரெண்டு ரூபாய் கூடக் கொடுத்தாவது வாங்குங்க. நம்ம டிப்பார்ட்மென்ட் பிராஜெக்ட்டுக்கு ஆயிரமாவது தடவை "ஸ்மார்ட் டஸ்ட்பின்" செய்யறவங்க, ஜமுனாமரத்தூர்ப் புளிக்கு ஊரும் வருஷமும் அச்சடிக்கிற ஒரு லேபிள் முறையையாவது யோசிக்கலாம்.

சீன டீ குடிங்க. நல்லா மோந்து, கடிச்சு, கேட்டு வாங்கிக் குடிங்க. அந்த நாலு கேள்வியை நம்ம மலைச் சரக்குக்கும் கேளுங்க.